காயமில்லாத பேண்டேஜ்

போன வாரம், மருந்து கொடுத்துப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற புது டிரெசர் தம்பி என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நான் கடைசி ஒன்பது வருடம் வேலை பார்த்த அதே பள்ளிக்கூட ஹாஸ்டலில், அதே சிக் ரூமில், என் நாற்காலியில் இப்போது அவர்தான் உட்காருகிறார். வெள்ளைக் காலணி, சட்டைப் பையில் இரண்டு பேனா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கையில் ஒரு பழைய நோயாளிப் புத்தகம்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தப் புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் 'பேண்டேஜ், பேண்டேஜ்'னு இருக்கு. அந்தக் காலத்துப் பையனுங்களுக்கு அவ்வளவு அடிபட்டுச்சா? பரீட்சை மாசத்துல ஒரே நாள்ல ஆறு பேரு! கோஷ்டிச் சண்டையா ஐயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விடவில்லை.

"இன்னொண்ணு. ஒரு நாளு மேட்ரன் பேரே இருக்கு. 'மிஸ்ஸி, பேண்டேஜ்'னு உங்க கையெழுத்துல. அவங்களுக்கு எங்க அடி?"

தேநீர் கொடுத்து, தெரிந்ததைக் கொஞ்சம் சொன்னேன். தம்பி அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். குற்றம் சொல்லவில்லை, அவருக்கு வேலை இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. ஆகவே மிச்சத்தை எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் படித்தவர்கள் அவரவர் பள்ளிக்கூடம் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன். பினாங்கு ஆஸ்பத்திரியில் புண் கழுவி, மருந்து கலக்கி, டாக்டர்களிடம் திட்டு வாங்கி, ஒரு சான்றிதழும் வாங்கிக்கொண்டு பத்து காவான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருபது வருடம். விடிந்ததும் வரிசை. "என்ன செய்யுது?" "காய்ச்சலுங்க." கொய்னா. "என்ன செய்யுது?" "வயித்தால போவுதுங்க." அதற்கொரு மிக்ஸ்சர். வேலைக்குப் போகப் பிடிக்காமல் வந்து நிற்கிறவனுக்கு விளக்கெண்ணெய். அந்தப் புட்டியைக் கண்டதுமே பாதி நோய் தானாகக் குணமாகிவிடும் என்பதுதான் என் மருத்துவ ஞானத்தின் உச்சி.

மலாய்மொழிக்கென்று ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பயிற்சியின்போது எழுதிக்கொண்டது. கப்பாலா என்றால் தலை. பெருத் என்றால் வயிறு. ஹாத்தி என்றால் ஈரல். சாக்கிட் என்றால் வலி, நோய். ஒரு சொல் விடாமல் மனப்பாடம். தோட்டத்தில் எல்லாரும் தமிழ் ஆட்கள், மலாய்க்காரரிடம் நான் பேசியதெல்லாம் மீன் வாங்கவும் படகு பிடிக்கவும்தான். ஆனாலும் எனக்கு மலாய் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நோட்டுப் புத்தகம் பின்னால் என்னை என்ன பாடு படுத்தியது என்பதற்கு வருகிறேன்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஹாஸ்டல் வேலை கிடைத்தது. தோட்டத்து மழையிலும் சேற்றிலும் இருந்தவனுக்கு டவுன் வேலை, ஐந்து கட்டில் போட்ட சுத்தமான அறை. மேலதிகாரி ஒரு மிஸ்ஸி என்றார்கள். இந்த ஊரில் நர்ஸ் அம்மாமாரை அப்படித்தான் கூப்பிடுவது. போய்ப் பார்த்தால் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பினாங்கிலேயே பிறந்த தமிழ்ப் பெண், அச்சாபீஸில் எழுத்துக் கோர்ப்பவரின் மகள். குள்ளமான உருவம், வெள்ளை கவுன், மார்பில் ஊசி குத்தித் தொங்கவிட்ட கடிகாரம். 'இவளிடமா கைகட்டி நிற்க வேண்டும்' என்று நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்.

முதல் நாள் காலை மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். நான் தோட்டத்துக் குரலில் ஆரம்பித்தேன். "என்ன செய்யுது?"

முன்னால் நின்ற பையன் என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு வயிற்றைத் தொட்டான். நான் விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். மிஸ்ஸி வந்து என் கையிலிருந்து புட்டியை மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்தார். பையனிடம், "ஒக்காரணுமா தம்பி?" என்றார். அவன் தலையாட்டினான். ஜன்னலோரம் கிடந்த நீளப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

வரிசை முடிந்ததும் மிஸ்ஸி என்னிடம் வந்தார்.

"டிரெசர் அண்ணே, என்ன செய்யுதுன்னு கேக்காதீங்க."

"பின்னே எப்படி மிஸ்ஸி மருந்து கொடுக்கிறது?"

"காச்ச அடிச்சா தொட்டாலே தெரியும். புண்ணு கண்ணுக்குத் தெரியும். மத்தவனுக்குத் தெரியாதுலா, தனக்கு என்ன செய்யுதுன்னு. நீங்க கேட்டா அவன் ஏதாச்சும் சொல்லியாவணும். பதில் தேடி வயித்தத் தொடுவான்."

அந்தப் பெஞ்சில் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். அந்த நாளில் கட்டுத்துணியைத் தூக்கி எறிய மாட்டோம். துவைத்து, கொதிக்கவைத்து, பின்கட்டுக் கொடியில் காயப்போட்டால் சுருங்கிச் சிக்கிப் போய்க் கிடக்கும். அதைத் திரும்பவும் சுருட்ட வேண்டும். தனியாளாகச் சுருட்டினால் தொளதொளவென்று வரும். ஒருவர் ஒரு முனையை மடித்து விரல்களுக்கிடையில் இறுக்கிச் சுருட்ட, இன்னொருவர் மறுமுனையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் சுருள் கல்லு மாதிரி நிற்கும்.

பெஞ்சுக்கு வரும் பையனிடம் மிஸ்ஸி ஒன்றும் கேட்க மாட்டார். கூடையிலிருந்து ஒரு துணியை எடுத்து ஒரு முனையை அவன் கையில் கொடுப்பார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். எதிரில் உட்கார மாட்டார். உட்காருவதற்கு முன்னால் மார்பிலிருக்கும் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். இரண்டு பேரின் கண்ணும் துணியிலேயே இருக்கும். முதல் சுருளில் பேச்சே வராது. மூன்றாவதில் மழையைப் பற்றி வரும். ஐந்தாவது, ஆறாவதில்தான் விஷயம் வரும். புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன் ஒருவன் ஏழு சுருள் சுருட்டிவிட்டு, "எங்க வீட்டு ஆடு இந்நேரம் குட்டி போட்டிருக்கும் மிஸ்ஸி" என்று சொல்லி ஓவென்று அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மிஸ்ஸி, "எத்தன குட்டி போடும்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவன் வகுப்புக்குப் போனான்.

நான் முதலில் இதை நம்பவில்லை. ஒரு வேலையாள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அந்தப் புத்தகம் இருக்கிறதே, அதில்தான் அவருடைய சாமர்த்தியம். சனிக்கிழமைதோறும் புத்தகம் பிரின்சிபால் துரையின் மேசைக்குப் போகும். நல்ல மனிதர்தான், ஆனால் நோய் என்றால் காய்ச்சல், இருமல், எலும்பு முறிவு. மற்றதெல்லாம் பாசாங்கு, பாசாங்குக்குப் பிரம்பு. 'பெயர்', 'நோய்', 'சிகிச்சை' என்று மூன்று கட்டம். பெஞ்சில் உட்கார்ந்தவன் பெயருக்கு நேரே நோய்க் கட்டத்தில் மிஸ்ஸி 'பேண்டேஜ்' என்று எழுதுவார். சிகிச்சைக் கட்டத்தில் எத்தனை சுருள் என்று எழுதுவார். பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. துரை அதைப் பார்த்துவிட்டு, பையன்கள் ஓய்வு நேரத்தில் முதலுதவி பழகுகிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டார். பரிசளிப்பு நாளில் மேடையேறி அந்தத் தொண்டு மனப்பான்மையைப் புகழ்ந்து பேசினார் பாருங்கள், பின்வரிசையில் பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிஸ்ஸி முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

அப்புறம் ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். கப்பல் கப்பலாகச் சனங்களை ஊருக்கு ஏற்றி அனுப்பினார்கள். தோட்டங்களை நம்பிக் கடை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவடைத்தார்கள். ஹாஸ்டலில் அதை வேறுவிதமாகப் பார்த்தோம். தபால்காரர் வந்தால் பையன்கள் ஓடிவருவார்கள், அந்த வருடம் ஓடுவது நின்றது. கடிதம் வந்தால் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். பெஞ்சில் இடமில்லாமல் இரண்டாவது பெஞ்சு போட்டோம். வருடக் கடைசியில் சீமைப் பரீட்சை வேறு. கேள்வித்தாள் கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் போகும், முடிவு தெரிய மாதக்கணக்காகும். அதில் தேறினால்தான் ஆபீஸ் வேலை.

அந்தச் சமயம் பார்த்து மிஸ்ஸி ஈப்போவுக்குப் போக வேண்டியதாயிற்று. தங்கைக்குப் பிரசவம், இரண்டு வாரம் விடுப்பு. பொறுப்பு என் கையில். மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அவர் போன நாலாம் நாள் யூசுப் வந்தான். பதினேழு வயது, கடைசி வகுப்பு, பள்ளிக்கூடத்தின் முதல் மாணவன். இந்த வருடம் பள்ளியின் மானத்தைக் காப்பாற்றப் போகிறவன் என்று துரை எல்லார் முன்னிலையிலும் அவன் தோளைத் தட்டியிருந்தார். அத்தா தமிழ் முஸ்லிம், கடலைத் தாண்டி அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் மளிகைக் கடை. அம்மா இந்த மண்ணுக்காரர், வீட்டில் மலாய்தான் பேச்சு. தமிழும் நன்றாகப் பேசுவான், ஆனால் மனதில் இருப்பது மலாயில்தான் வரும்.

நான் கேட்டேன். பழக்கதோஷம், கேட்டுவிட்டேன். "என்னப்பா செய்யுது?"

"சாக்கிட் ஹாத்தியா இருக்கு ஐயா."

என் நோட்டுப் புத்தகம் கண்முன்னால் விரிந்தது. சாக்கிட், வலி. ஹாத்தி, ஈரல். ஆகா, இத்தனை வருடம் மனப்பாடம் செய்தது வீண்போகவில்லை!

"எங்கே வலிக்குது?"

அவன் நெஞ்சில் கை வைத்தான். அந்தக் கையை நானே பிடித்து வலது விலாவுக்குக் கீழே நகர்த்தி வைத்தேன். "ஈரல் அங்கே இல்லைடா, இங்கே இருக்கு" என்றேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

யூசுப் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு, "சரிங்க ஐயா" என்றான்.

புத்தகத்தில் 'லிவர்' என்று எழுதினேன். தினம் காலையில் பேதி உப்பு. எண்ணெய், முட்டை, கறி கூடாது, கஞ்சி மட்டும். ஏற்கெனவே சோறு இறங்காமல் கிடந்தவனுக்கு நான் மருத்துவ ரீதியாகப் பட்டினி போட்டேன். ஒன்பது நாள். ஒன்பது நாளும் அவன் முகம் கோணாமல் வந்து உப்புக் கரைசலைக் குடித்துவிட்டுப் போனான்.

அந்த நாட்களில் அவனைப் பார்த்து நான் மெச்சிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தன் ஜியோமெட்ரி பெட்டியைப் பக்கத்துக் கட்டில் பையனுக்குக் கொடுத்துவிட்டான். நல்ல பேனாவை இன்னொருவனுக்கு. வெல்வெட் சொங்கோக்குத் தொப்பியைச் சின்ன வகுப்புப் பையன் தலையில் வைத்து, "ஒனக்குத்தான் அழகா இருக்கு" என்றானாம். எனக்கும் ஒன்று வந்தது. ஒரு மலாய் அகராதி. "ஒங்களுக்கு ஒதவும் ஐயா" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். இப்படியும் ஒரு தங்கமான பிள்ளையா என்று சமையற்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிஸ்ஸி ஈப்போவிலிருந்து நேரே சிக் ரூமுக்கு வந்தார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"யூசுப். லிவர். ஒம்பது நாளு." நிமிர்ந்தார். "அண்ணே, அவன் வாயால என்ன சொன்னான்? அப்படியே சொல்லுங்க."

"சாக்கிட் ஹாத்தின்னான்" என்றேன், மலாய் தெரிந்தவன் என்ற தோரணையில்.

மிஸ்ஸி புத்தகத்தை மூடினார்.

"அது ஈரலு இல்லண்ணே. மலாய்ல மனசுன்னாலும் ஹாத்திதான். மனசு புண்பட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கான். நம்ம ஆளு ஒருத்தரு ஈரக்கொல நடுங்குதுன்னு வந்து நின்னா ஈரலுக்கா மருந்து கொடுப்பீங்க?"

எனக்குக் காது சுட்டது. என் குற்றத்தைக் குறைக்க நினைத்து வாயைத் திறந்தேன். "ஆனா பையன் நல்லாத்தான் இருந்தான் மிஸ்ஸி. ரொம்பப் பெருந்தன்மை. சாமானெல்லாம் எல்லாருக்கும் கொடுத்துட்டான். எனக்குக்கூட இந்த அகராதி."

மிஸ்ஸி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் ஒரு பொருளைத் தட்டிவிட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"இப்ப எங்க இருக்கான்?"

"ஜும்மா தொழுகைக்குப் போனான். இன்னும் வரல."

"சாமானக் கொடுக்கிறவன் எங்கயோ கெளம்புறான்னு அர்த்தம்லா! நீங்க கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் போங்க. நான் ஃபெரி வர்ற ஜெட்டிக்குப் போறேன்." சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து கட்டுத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டார். இந்த அவசரத்தில் எதற்கு இது என்று எனக்குப் புரியவில்லை.

நான் ஓடினேன். தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார்க்காரர் ஒருவர் தோளில் சுமந்துவந்த காவுதடியை இறக்கி வைத்து, சோறும் குழம்பும் விற்றுக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், பழகாத தோள். தடி அழுத்திய இடம் சட்டைக்கு மேலேயே தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பையன், உயரமாக இருப்பான், பெயர் யூசுப் என்று கேட்டேன். அந்த மனிதர் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது.

"எம் மவனுக்கு என்னாங்க?" என்றார்.

சிம்பாங் அம்பாட்டுக் கடை முதலாளி அவர்தான். கடை போய்விட்டது. மகனுக்குச் சொல்லாமல் அக்கரையிலிருந்து வந்து இன்னொருவரிடம் சம்பளத்துக்குக் காவுதடி தூக்குகிறார். எனக்கு நின்று பேச நேரமில்லை. "ஹாஸ்டலுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெட்டிப் பக்கம் ஓடினேன்.

நான் அங்கே பார்த்ததை எத்தனை முறை நினைத்தாலும் மனது நிறைகிறது. ஃபெரி ஊதிக்கொண்டிருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், சம்பான் படகுக்காரர்கள், கூடைக்காரப் பெண்கள், ஒரே சந்தடி. அதன் நடுவில் ஜெட்டி ஓரத்துப் பலகையில் யூசுப் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மிஸ்ஸி. பிரயாணம் செய்த கவுனோடு, கலைந்த தலையோடு. இருவருக்கும் நடுவில் கூடை. யூசுப் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தான், மிஸ்ஸி மறுமுனையைப் பிடித்திருந்தார். மார்பில் கடிகாரம் இல்லை.

என்னைப் பார்த்ததும் மிஸ்ஸி கண்ணாலேயே இடம் காட்டினார். அவனுக்கு மறுபக்கம் உட்கார்ந்தேன். அடுத்த துணியின் மறுமுனையை என்னிடம் கொடுத்தார், பிடித்துக்கொண்டேன். எத்தனை சுருள் போயிற்று என்று எண்ணவில்லை. இரண்டு ஃபெரி வந்து போயின.

பிறகு அவன் பேசினான். துணியைப் பார்த்துக்கொண்டேதான்.

"அத்தாவப் பாத்தேன் மிஸ்ஸி. மூணு வாரத்துக்கு முன்னால. காவுதடியோட. நான் க்ளாஸ் பசங்களோட வந்தேன். அத்தா என்னப் பாத்துட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க."

மிஸ்ஸி துணியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்.

"நானும் கூப்பிடல மிஸ்ஸி. பசங்க இருந்தாங்க. நான் கூப்பிடல. அதுக்கப்புறம் புக்கத் தொறந்தா ஒரு எழுத்தும் ஏறல. நான் பாஸாவ மாட்டேன். அப்ப எதுக்கு நானு? இன்னைக்கும் போனேன். தூரத்துல நின்னேன். போய்க் கூப்பிட முடியல."

நான் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். தைரியமாக இரு, நன்றாகப் படி, கடவுள் இருக்கிறார். மிஸ்ஸி என் பக்கம் திரும்பாமலே லேசாகத் தலையை அசைத்தார். வாயை மூடிக்கொண்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. நேராகக் கேட்டார், சுற்றி வளைக்கவில்லை. "செத்துடலாம்னு தோணுச்சா யூசுப்?"

எனக்கு, இப்படியா கேட்பார்கள் என்று இருந்தது.

"ஆமா மிஸ்ஸி" என்றான் அவன். சொல்லிவிட்டு அழுதான். அவ்வளவு நாளும் அந்த ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தவன் போலிருந்தது.

"சரி. இப்ப எங்ககூட வா. ஒன்னத் தனியா விட மாட்டோம்" என்றார் மிஸ்ஸி. அவன் வந்தான். கூடையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான்.

நாங்கள் திரும்பியபோது சிக் ரூம் வாசலில் அவன் அத்தா நின்றுகொண்டிருந்தார். குழம்புக் கறை பட்ட சட்டையோடு, உள்ளே வரத் தயங்கி. அப்பனும் மகனும் தரையைப் பார்த்தார்கள். மிஸ்ஸி இருவரையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். துணியின் ஒரு முனையை மகனிடம் கொடுத்தார். மறுமுனையை, அன்றைக்குத்தான் முதல் தடவையாக, தான் பிடித்துக்கொள்ளாமல் அந்த மனிதர் கையில் வைத்தார். என்னை இழுத்துக்கொண்டு மருந்து அலமாரிப் பக்கம் போய்விட்டார்.

துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு அத்தாவின் குரல். "லூஸா வருது பாரு. இறுக்கிப் பிடிலா."

"நீங்கதான் அத்தா இழுக்கணும்."

"தோளு வலிக்குதுடா. பழக்கமில்ல."

"காட்டுங்க."

நான் எட்டிப் பார்த்தேன். யூசுப் சட்டையை விலக்கி அத்தாவின் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அன்று மாலை அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு நிஜமான பேண்டேஜ் ஏறியது. தம்பி தேடிப் பார்த்தால் கிடைக்கும்.

அன்றிலிருந்து யூசுப்பின் கட்டில் சிக் ரூமுக்கு வந்தது. பல வாரம், மாற்றி மாற்றி நாங்கள் யாராவது அவன் பக்கத்தில். டாக்டருக்கும் மிஸ்ஸி சொல்லி வைத்தார். கஞ்சி நின்று கறிச்சோறு வந்தது. அத்தா மத்தியானம் தோறும் ஒரு பொட்டலம் கொண்டுவந்து, உட்கார்ந்து, மகன் சாப்பிட்ட பிறகுதான் போவார். அவன் கொடுத்த சாமான்களையெல்லாம் வாங்கி அவனிடமே திருப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு. அகராதியை மட்டும், "நீங்க வெச்சுக்குங்க ஐயா, ஒங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

பரீட்சை விஷயம் மிச்சமிருந்தது. இந்த வருடம் அவன் எழுத வேண்டாம் என்று மிஸ்ஸி முடிவு செய்தார். திங்கட்கிழமை துரையின் அறைக்குப் போனார். நான் புத்தகத்தோடு வெளியே நின்றேன். துரையின் குரல் ஏறுவது கேட்டது. பள்ளிக்கூடத்தின் மானம், நல்ல வாய்ப்பு, பலவீனமான பையன். மிஸ்ஸியின் குரல் ஏறவே இல்லை. கடைசியில் அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "பரீட்சை அடுத்த வருடமும் கப்பலில் வரும் சார். யூசுப் எந்தக் கப்பலில் வருவான்?"

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு துரை, "ஒரு வருடம்" என்றார். (அடுத்த வருடம் எழுதினான், தேறினான். இப்போது அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். முதல் மாணவனாக வரவில்லை. அதைப் பற்றி எங்களில் யாருக்கும் ஒரு குறையுமில்லை.)

மிஸ்ஸி வெளியே வந்து, என்னைக் கடந்து, சிக் ரூமுக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். ஜெயித்துவிட்டு வந்தவர் சிரித்துக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையன்களுடைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன செய்யுது மிஸ்ஸி?" என்ற கேள்வி என் பல்லு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். கூடையை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு துணியின் முனையை அவர் கையில் கொடுத்தேன். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

மிஸ்ஸி சுருட்ட ஆரம்பித்தார். முதல் சுருள் தொளதொளவென்று வந்தது. பிரித்துத் திரும்பச் சுருட்டினார். நாலைந்து போன பிறகு பேசினார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடிண்ணே. நான் வந்த புதுசு. ஒரு பையன் மூணு நாளு வரிசையில வந்தான். மூணு நாளும் கேட்டேன், என்ன செய்யுதுன்னு. ஒண்ணுமில்ல மிஸ்ஸின்னான். நானும் புத்தகத்துல ஒண்ணுமில்லன்னு எழுதினேன்." துணியை இறுக்கினார். "நாலாவது நாளு அவன் வரலண்ணே."

நான் எதுவும் கேட்கவில்லை. அவன் பெயர்கூடக் கேட்கவில்லை. துணியை விறைப்பாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தேன். அவர் அழுதுகொண்டே சுருட்டினார். சுருள்கள் ஒவ்வொன்றும் இறுகி வந்தன. கூடை காலியாகும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, கடிகாரத்தை எடுத்து மார்பில் குத்திக்கொண்டார்.

நான் ஒரு கையால் புத்தகத்தைத் திறந்தேன். பெயர்க் கட்டத்தில் 'மிஸ்ஸி' என்று எழுதினேன். நோய்க் கட்டத்தில் 'பேண்டேஜ்'. பெஞ்சில் கிடந்த சுருள்களை எண்ணி, சிகிச்சைக் கட்டத்தில் 'பதினொன்று' என்று எழுதினேன்.

மிஸ்ஸி என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பன்னெண்டுண்ணே" என்றார். "ஒண்ண இன்னும் நீங்க பிடிச்சிக்கிட்டே இருக்கீங்க."